பருமன் செல்வமா, சுமையா?



ஊரிலிருந்து வரும் உறவினர் நம் இல்லத்துள் நுழைந்ததும் கூறும் முதல் வார்த்தை பெரும்பாலும் ஒன்றே: "வடக்கத்தித் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது, நன்றாகப் பூரித்திருக்கிறீர்கள்." இதனை வாழ்த்தாகவே ஏற்றுப் புன்னகை புரிகின்றோம். பஞ்சம் கண்ட நம் முன்னோருக்குப் பூசினாற்போன்ற தேகம் செழிப்பின் அடையாளமாய்த் தோன்றியதில் வியப்பில்லை. ஆயின் அதே கண்கொண்டு இன்றும் உடலை நோக்குதல் தகுமா என்பதே இத்திங்கள் நாம் ஆராயப் புகும் பொருள்.

ஊரை விட்டு வந்த நாம் ஊர்ச் சமையலை விட்டு வரவில்லை. அது பெருமைக்குரியதே. ஆயினும் இட்டிலியும் தோசையும் இருவேளைச் சோறும் குறையாதிருக்க, அவற்றின்மேல் இவ்வூர்ப் பூரி, கச்சோரி, சமோசா, ஜிலேபி ஆகியனவும் வந்து சேர்ந்துகொண்டன. தீபாவளிக்கு நம் பலகாரம். ஹோலிக்கு அண்டை வீட்டாரின் இனிப்பு. வரவு இருமடங்காயிற்று, செலவோ சுருங்கிற்று. வயல் வரப்பில் நடந்தவர்களின் மக்களாகிய நாம் நாற்காலியில் அமர்ந்து கணினித் திரையை நோக்குகின்றோம். மாடி ஏற மின்தூக்கியை நாடுகின்றோம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 24 விழுக்காட்டினரும் ஆண்களில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினரும் மிகை எடையுடையவர்கள். தமிழ்நாட்டிலோ பெண்களில் 40 விழுக்காடு, ஆண்களில் 37 விழுக்காடு!

நாம் இரயில்வேயில் எழுத்துவேலை பார்ப்பவராதலின், ஒரு செய்தி நம் உள்ளத்தைத் தைத்தது. அமெரிக்க இரயில்வே ஊழியர்களைப் பற்றி 1962இல் வெளியான ஓர் ஆய்வு, இருதய நோயால் இறந்தோர் விகிதம் குமாஸ்தாக்களிடையே மிகுந்தும், தண்டவாளப் பாதையில் உடலுழைக்கும் தொழிலாளரிடையே குறைந்தும் இருந்ததைக் காட்டிற்று. இலண்டன் மாநகரிலும், நாள்முழுதும் அமர்ந்து பஸ் ஓட்டியவர்களைவிட, மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவென்று 1953இல் மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் கண்டனர். பின்னர் 1956இல் அவர்கள் ஆராய்ந்தது சீருடைக் கணக்கை. ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு நடத்துநர்களுடையதினும் பெரிதாயிருந்ததாம்!

ஆகவே தையற்காரரின் அளவுநாடாவே நமக்கு முதல் வைத்தியர். நம் நாட்டவர்க்குக் கை கால் மெலிந்திருக்க வயிறு மட்டும் முன்னிற்பது வழக்கம். உள்ளுறுப்புகளைச் சூழும் அக்கொழுப்பே தீயது. இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் மகளிர்க்கு 80 சென்டிமீட்டரும் மிகலாகாது. எடையைப் பொறுத்தவரை, 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் ஏறத்தாழ 63 கிலோவுக்குள் இருத்தல் நன்று. 68 கிலோவைக் கடந்தால், இந்தியருக்கென மருத்துவர் வகுத்த வரையறைப்படி அது பருமனே.

பருமன் விளைக்கும் கேடுகளில் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் ஆகியவற்றை யாவரும் அறிவர். கல்லீரலில் கொழுப்புப் படிதலும் பித்தப்பைக் கற்களும் அதன் சுற்றத்தாரே. முழங்காலின் துன்பமோ இன்னும் வெளிப்படை. உடலில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகின்றதென ஆய்ந்து கண்டுள்ளனர். நிலைய மேம்பாலப் படியில் கைப்பிடியைப் பற்றி நின்று மூச்சு வாங்கும் அன்பர்கள் இதனைக் கருதுவாராக. இரவில் உரத்த குறட்டையும் இடையே மூச்சு நின்று திணறுதலும் பகலில் தூக்கக் கலக்கமும் உடையவர்கள் அதனை நகைப்புக்குரியதெனத் தள்ளாது மருத்துவரிடம் கூறல் வேண்டும்.

இனித் தோற்றத்தைப் பற்றிச் சில சொற்கள். நடை தளர்தலும் முதுகு வளைதலும் தோலில் வரிகள் விழுதலும் கண்கூடு. மடிப்புகளில் வியர்வை தங்கிப் படையும் புண்ணும் தோன்றும். பிள்ளைகளின் பின்கழுத்தில் பட்டுப்போல் தடித்துக் கறுத்திருப்பதை அழுக்கென்றெண்ணிக் கடலைமாவும் பீர்க்கங்கூடும் கொண்டு தேய்க்கும் தாய்மார் பலர். அது பெரும்பாலும் அழுக்கன்று. உடலில் இன்சுலின் செவ்வனே வேலை செய்யாமையின் அறிகுறி. தேய்த்தால் தோல்தான் புண்ணாகும். பிள்ளையைச் சோதனைக்கு அழைத்துச் செல்வதே முறை.

தோற்றத்தை நாம் பேசுவது எவரையும் இகழ்வதற்கன்று. சென்ற ஆண்டு ஒரு விழா நாடகத்தில், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு, அவள் பருமனைக் கண்டு அவையினர் சிரிப்பதற்கென்றே ஒரு வேடம் தரப்பட்டது. அவையினரும் சிரித்தனர். அதன்பின் அக்குழந்தை தமிழ் வகுப்புக்கு வரவேயில்லை. அந்நிய மண்ணில் ஒரு பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்க நாம் படும் பாடு எவ்வளவு! அதனை ஒரு நிமிட நகைப்புக்கு இழந்தோம். பருமன் பெருந்தீனியால் மட்டும் வருவதன்று. பரம்பரை, தைராய்டுக் குறை, சிற்சில மருந்துகள், இரவு வேலையால் கெட்ட உறக்கம் ஆகியனவும் காரணமாகலாம். வரன் பார்க்கும் நாள் நெருங்கியதென்று பெண்களைப் பட்டினி போடுவதும் கொடுமையே.

பரிகாரம் என்ன? குமாஸ்தா முறைப்படி ஒரு கணக்குப் போடுவோம். நால்வர் உள்ள குடும்பத்தில் மாதம் ஆறு லிட்டர் எண்ணெய் செலவாயின், தலைக்கு நாளொன்றுக்கு 50 மில்லிலிட்டர். அதுவே 400 கலோரிக்கு மேல். நான்கு லிட்டராகக் குறைத்தால் தலைக்கு நாள்தோறும் ஏறத்தாழ 140 கலோரி மிச்சம். அது அரைமணி நேரம் விரைந்து நடப்பதற்கு ஈடாகும். சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக் கீரை, கூட்டு, பயறு ஆகியவற்றில் ஒரு கரண்டி கூட்டுவதும் எளிதே.

நீரிழிவு வரும் நிலையிலிருந்த 531 பேரைக் கொண்டு சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உணவைச் சீர்செய்து நாள்தோறும் நடந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது. அவர்கள் எடை பெரிதும் குறையாதபோதே இப்பயன் கிட்டிற்று என்பதனை, நிறுத்துப் பார்த்து மனம் சோர்பவர்கள் நினைவிற் கொள்க.

சங்கத்தார்க்கு இரண்டு விண்ணப்பங்கள். மாதக் கூட்டத்தில் கேசரி, வடைக்கு மாற்றாகச் சுண்டலும் மோரும் வழங்கலாம். ஞாயிறு காலையில் குடும்பத்தோடு கூடி நடக்க ஏற்பாடு செய்யலாம். நடந்துகொண்டே ஊர்க்கதை பேசுவதில் குறைவொன்றும் வாராது. ஊரிலிருந்து வருவோர் இனி நம்மைக் கண்டு, "சுறுசுறுப்பாய் இருக்கிறீர்களே" என்று வாழ்த்துமாறு வாழ்வோமாக.