டிக் போட்டா போதுமா?

பொட்டி தட்டுறவன் எதைப் பார்த்தாலும் அதுக்கு ஒரு ஆப் எழுதணும்னு நினைப்பான். வாரம் அஞ்சு நாள் ஆணி பிடுங்கிட்டு, ஞாயித்துக்கிழமை ஆட்டோகிராஸ் ஓட்டுற நானும் நினைச்சேன்.

ஆட்டோகிராஸ் தெரியாதவங்களுக்கு: இங்க அமெரிக்காவுல பெரிய பார்க்கிங் லாட்ல ஆரஞ்சு கோன் வச்சுப் பாதை போட்டு, நேரம் குறிச்சு ஒவ்வொரு காரா ஓட விடுவாங்க. எஸ்சிசிஏ 'சோலோ'ன்னு சொல்றது இதைத்தான். ஆபீசுக்குப் போற காரே போதும். ஆனா ஓடறதுக்கு முன்னாடி டெக் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. பேட்டரி ஆடாம இருக்கா, பிரேக் பெடல் கெட்டியா நிக்குதா, வீல் ஆடுதா, ஹெல்மெட் முத்திரை செல்லுமா, சீட்டுக்கு அடியில தண்ணி பாட்டில் கிடக்குதா (உருண்டு பிரேக்குக்கு அடியில போனா கதை முடிஞ்சுது).

எங்க கிளப்ல 80 கார், பார்க்க 4 பேர், ஒரு மணி நேரம். காருக்கு 3 நிமிஷம். அதுல பாதி, ஹெல்மெட் துணியை விலக்கி ஸ்டிக்கர் தேடுறதுலயும் பேப்பர் எழுதுறதுலயும் போயிடும்.

சும்மா இருப்பேனா? முந்தின ராத்திரியே போன்ல நிரப்புற மாதிரி ஒரு ஃபாரம் செஞ்சு கொடுத்தேன். 20 கேள்வி, 20 டிக். எல்லாம் பச்சையானா க்யூஆர் கோடு வரும். அதைக் காட்டிட்டு நேரா ஓட்டப் போயிடலாம். கிளப்ல உஷாரா, முதல் வாரம் பழைய வரிசையையும் வச்சிருந்தாங்க.

முதல் கார் என்னோடது. கெத்தா போனை நீட்டினேன். அறுபதைத் தாண்டின பெரியவர் ஒருத்தர் அதைப் பார்க்கவே இல்லை. முன்பக்க இடது வீலைப் பிடிச்சு ஒரு ஆட்டு ஆட்டினார். 'டக்'. மறுபடி ஆட்டினார். 'டக்'. பேரிங் போயிருந்தது. "நேத்து பார்த்தியா?"ன்னார். எங்க பார்த்தேன்? சோபாவுல படுத்துக்கிட்டு டிக் போட்டேன். என் ஆப் எனக்கே வச்ச ஆப்பு!

அன்னிக்கு ஓட்டலை. நாள் பூரா வெயில்ல விழுந்த கோனை நிமிர்த்தி வச்சுக்கிட்டே யோசிச்சேன்.

டெக்னாலஜி வேண்டாம்னு சொல்ல வரலை. கண்ணால படிக்கிறதை மெஷினுக்குக் கொடுங்க. கையால ஆட்டிப் பார்க்கிறதை மனுஷனுக்கு விடுங்க. ஸ்நெல் எஸ்ஏ ஹெல்மெட் தரம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாறும்: எஸ்ஏ2015, எஸ்ஏ2020, எஸ்ஏ2025. பந்தயக் கார்ல போடுற எஸ்எஃப்ஐ 16.1 பெல்ட், தயாரிச்ச தேதியிலிருந்து 2 வருஷம்தான் செல்லும். இதெல்லாம் வெறும் தேதிக் கணக்கு. லேபிளை போட்டோ எடுத்து அனுப்பிட்டா, காலாவதிக்கு ரெண்டு மாசம் முன்னாடியே மெயில் வந்துடும். போன தடவை இதே கார்ல என்ன குறை எழுதினாங்கன்னும் கோடை ஸ்கேன் பண்ணாத் தெரியணும். பேப்பர்னா அது அன்னிக்கே குப்பைக்குப் போயிடுது.

இப்ப என் ஃபாரத்துல 8 கேள்விதான். வீல், பிரேக், பேட்டரி மூணையும் சோதிக்கிறவர் போன்ல மட்டும்தான் பதிய முடியும். டிராக் டே நடத்துற சில இடங்கள்ல ஓட்டுறவரே நிரப்பின ஃபாரம் போதும்னு விட்டுடறாங்க. சோபாவுல படுத்து டிக் போட்டவன்ங்கிற முறையில, எனக்கு அது பயமாத்தான் இருக்கு.

"இவ்வளவு பண்ணியும் வரிசை குறையலையே"ன்னு ஒருத்தர் சலிச்சுக்கிட்டார். குறைய வேண்டாம்ங்க. அந்த 3 நிமிஷமும் இப்ப முழுசா கார் மேல போகுதே, அது போதும்.