கடமைக்கு எதற்கு நன்றிக் காசு?

 

சென்ற மாதம் ஒரு ஜும்ஆவுக்காகச் சாமல்பட்டி சென்றிருந்தேன். தொழுகை முடிந்ததும் கடைத்தெருவில் நமது சகோதரர் ஒருவர் கையைப் பிடித்துக் கடைக்குள் அழைத்துச் சென்று உட்கார வைத்தார். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் அவருடைய மகனை, மோட்டார் சைக்கிள் திருட்டில் சந்தேகம் என்று ஒரு காவல் நிலையத்தில் மாலையில் கூட்டிச் சென்று, மறுநாள் காலையில்தான் விட்டார்களாம். எந்த ஊர் நிலையம் என்பது இங்கே தேவையில்லை. பையன் மீது வழக்கும் இல்லை, கையெழுத்தும் இல்லை, ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. தகப்பனார் இரவு முழுவதும் நிலையத்தின் கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார்.

பிறகு அவர் சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. "ஹஜ்ரத், பையனை அடிக்காம விட்டாங்க. அந்த எஸ்.ஐ. நல்ல மனுஷன். 5000 ரூபாய் குடுத்து நன்றி சொல்லிட்டு வந்தேன். அல்ஹம்துலில்லாஹ்!"

சகோதரர்களே! ஒரு நிமிடம் நின்று சிந்தியுங்கள். எதற்காக நன்றி? அடிக்காமல் விட்டதற்காக! அடிக்கக் கூடாது என்பது அந்த அதிகாரியின் பெருந்தன்மையா? இல்லை, அது அவருடைய கடமை. அதற்காகத்தான் அரசாங்கம் மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்கிறது. கடமையைச் சலுகையாக எண்ணிக் கைகூப்பிக் காசும் கொடுக்கிற ஜனங்கள் இருக்கும்வரை, எந்த ஊரிலும் அது கடமையாக நடக்காது. விலைக்கு விற்கும் சரக்காகத்தான் இருக்கும்.

சாத்தான்குளத்தை மறந்துவிட்டோமா?

அடிக்காமல் விட்டதற்கு நன்றி சொல்லும் நிலைக்கு ஒரு தகப்பனார் ஏன் வந்தார்? அடித்தால் என்ன நடக்கும் என்பதை அவர் அறிந்திருக்கிறார். 2020 ஜூன் 19. கொரோனா ஊரடங்கு காலம். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம், நம்முடைய ஊர்களைப் போன்ற ஒரு சிறிய ஊர். குறித்த நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது என்ற புகாரில் ஜெயராஜ் என்ற வியாபாரியைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். தகப்பனைத் தேடிப் போனார் செல்போன் கடை நடத்திய மகன் பென்னிக்ஸ். இருவரும் வீடு திரும்பவில்லை. அடுத்த நாள் சுமார் 100 கிலோ மீட்டர் தள்ளியிருந்த கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். 23ஆம் தேதி அதிகாலை தகப்பனும் இறந்தார்.

அவர்கள் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் வியாபாரிகள். நாம் காலையில் ஷட்டர் தூக்குவது போலவே ஷட்டர் தூக்கியவர்கள். அநீதிக்கு மதம் பார்த்து அழுகிறவன் நியாயத்தைப் பற்றிப் பேசத் தகுதியில்லாதவன்.

உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர், தமக்கே அந்த நிலையத்தில் மிரட்டலும் அவமதிப்பும் நேர்ந்ததாக அறிக்கை கொடுத்தார். கண்காணிப்புக் கேமரா இருந்தது. ஆனால் பதிவுகள் அன்றாடம் தானாக அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்தது. நிலைமை எவ்வளவு முற்றியது என்றால், நீதிமன்ற உத்தரவின்படி ஒரு காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டி வந்தது! பிறகு சி.பி.ஐ. விசாரித்து, ஆய்வாளர் உட்பட ஒன்பது காவல்துறையினர் மீது 2020 செப்டம்பரில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

ஆனால் சகோதரர்களே, அதே நிலையத்தில் இன்னொருவரும் வேலை பார்த்தார். ரேவதி என்ற தலைமைக் காவலர். இரவு முழுவதும் அந்த இருவரும் அடிக்கப்பட்டதையும், லத்திகளிலும் மேஜையிலும் இரத்தக் கறை இருந்ததையும் அவர்தான் நடுவர் முன்னால் சொன்னார். வெளியே சக காவலர்கள் சூழ்ந்து நிற்க, மேலதிகாரிகளுக்கு எதிராக ஒரு பெண் காவலர் வாய் திறந்து உண்மையைச் சொன்னார்!

காவலரின் கடமை என்ன என்று யாராவது கேட்டால், நாம் பெரிய பெரிய புத்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. ஒரே கூரையின் கீழ் ஒரே சம்பளப் பட்டியலில் இருந்த இரண்டு வகையினரைக் காட்டினால் போதும்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்தது

தெற்கே எங்கோ நடந்தது என்று ஒதுக்கிவிட முடியாது. நம்முடைய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 வரை தருமபுரி மாவட்டத்தோடு இருந்தது. அந்த மாவட்டத்தில், நம் ஊத்தங்கரைக்கு அடுத்த அரூர் பகுதியில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் அந்த மலைவாழ் மக்களின் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள்.

1995-ல் உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்து போயிருந்தார்கள். மீதமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். அவர்களில் 84 பேர் காவல்துறையினர். 2023-ல் சென்னை உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

19 ஆண்டுகள் கழித்து முதல் தீர்ப்பு! நியாயம் செத்துவிடவில்லை என்பதற்கு இது சாட்சி. ஆனால் நியாயம் எவ்வளவு தாமதமாக நடந்து வருகிறது என்பதற்கும் இதுவே சாட்சி. அதனால்தான் அநீதி நடந்த பிறகு போராடுவதைவிட, நடப்பதற்கு முன்னால் கடமையைக் கேட்டு வாங்குவது முக்கியம் என்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிறிய ஊரின் காவல் அதிகாரிக்கு வேலை கொஞ்சமல்ல. அதை மறுக்கவில்லை. விபத்துக்கு ஓட வேண்டும். திருவிழாவுக்கும் ஊர்வலத்துக்கும் நிற்க வேண்டும். நம்முடையது எல்லைப் பகுதி. கர்நாடகத்திலிருந்து மதுவும் குட்காவும் இந்தப் பக்கம் வருகின்றன, ரேஷன் அரிசி அந்தப் பக்கம் போகிறது. வீடு வாசல் பார்க்காமல் உழைக்கிற காவலர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று அரசாணை வந்ததே 2021-ல்தான். களைத்துப்போன மனிதனுக்குக் கோபம் வரும். நமக்கும் புரிகிறது. ஆனால் களைப்பு சட்டத்தை மாற்றிவிடாது.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பெயர் வாயில் நுழையவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். அதில் உங்களுக்கு வேண்டியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

திருட்டு, தாக்குதல் போன்ற, காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும். 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 173ஆவது பிரிவு. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். சில வகைக் குற்றங்களில் முதல்கட்ட விசாரணை நடத்தலாம். அதற்கும் டி.எஸ்.பி.யின் அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்க வேண்டும். நிலையத்தில் கொடுக்கிற சி.எஸ்.ஆர். ரசீதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து ஏமாறாதீர்கள். அது மனு வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டு மட்டுமே.

கைது செய்கிற அதிகாரியின் பெயர் சட்டையில் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தினரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். ஏன் கைது என்பதைச் சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் விதித்தவை. இன்று சட்டமாகவே இருக்கின்றன. ஏழாண்டு வரை தண்டனை உள்ள வழக்கு என்றால், கைது ஏன் அவசியம் என்று காரணம் எழுத வேண்டும். அவசியம் இல்லையென்றால் 35ஆவது பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும்.

நம் தாய்மார்களும் பெரியவர்களும் அறிய வேண்டியது ஒன்று. பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும், 60 வயதைத் தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கு வா என்று நிலையத்துக்கு அழைக்க முடியாது. அவர்கள் இருக்கும் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். கடையைச் சோதனையிட்டால் அதை வீடியோவாகப் பதிவு செய்து, எடுத்த பொருள்களின் பட்டியலில் ஒரு பிரதி உங்களுக்குத் தர வேண்டும். நிலையத்தின் வாசல், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை எல்லாவற்றிலும் கேமரா வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்தத் தகப்பனாரின் மகனுக்கு இவற்றில் ஒன்றாவது நடந்ததா? ஒன்றுகூட இல்லை. அவர் கேட்கவும் இல்லை. கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது.

காகிதம் இல்லாத விசாரணை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரத்தில் பார்த்தோம். நகை காணவில்லை என்ற புகாரில் விசாரிக்கக் கூட்டிச் செல்லப்பட்ட கோயில் காவலாளி அஜித்குமார் பிணமாகத்தான் திரும்பினார். சாத்தான்குளத்துக்குப் பிறகும் இது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நம் பக்கத் தவறு

இனி, கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாக்கிப் பணம் வசூலாகவில்லை என்றால் நாம் எங்கே ஓடுகிறோம்? வக்கீலிடமா? இல்லை, ஸ்டேஷனுக்கு! "நாலு தட்டு தட்டி வாங்கிக் கொடுங்க சார்" என்கிறோம். வாடகைத் தகராறு, பங்காளித் தகராறு எல்லாவற்றையும் ஆய்வாளர் மேஜையில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். சிவில் வழக்கைத் தீர்ப்பது அவர் வேலையல்ல என்பது நமக்குத் தெரியாதா? இன்று நமக்காக இன்னொருவனை மிரட்டுகிற கை, நாளை இன்னொருவனுக்காக நம்மை மிரட்டாதா?

அதேபோல, 2013 முதல் தடை செய்யப்பட்ட குட்காவைக் கல்லாவுக்குக் கீழே ஒளித்து வைத்துக்கொண்டு காவலரின் நேர்மையைப் பற்றி நாம் பேச முடியாது. மாமூல் வாங்குகிறவர் பாவம் செய்கிறார் என்றால், கொடுத்துக் காரியம் சாதிக்கிறவர் என்ன செய்கிறார்? தவறான வியாபாரம் செய்கிறவன்தான் சரியான அதிகாரியைக் கண்டு பயப்படுவான்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவின் தெருக்களைச் சுற்றி வந்ததை மேடைகளில் கேட்டிருப்பீர்கள். ஒருமுறை ஒரு வீட்டின் சுவரேறி உள்ளே சென்று, மது அருந்திக்கொண்டிருந்தவரைப் பிடித்தார்கள். அந்த மனிதரோ, தாம் செய்தது ஒரு தவறு, கலீஃபா செய்தது மூன்று என்றார். துருவித் துருவி வேவு பார்த்தது, வாசல் வழியாக வராதது, அனுமதியும் சலாமும் இல்லாமல் நுழைந்தது. உமர் (ரலி) அவர்கள் அதை ஏற்று அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள் என்று வரலாறு சொல்கிறது. நாட்டின் தலைவருக்கே முறை உண்டு என்றால், ஓர் ஊரின் காவல் அதிகாரிக்கு இருக்காதா? அதைத் துணிந்து கேட்டவர் ஒரு சாதாரண மனிதர் என்பதையும் கவனியுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

இளைஞர்களே! நிலையத்தின் வாசலில் கூட்டம் கூட்டிக் கோஷம் போடுவது எளிது. அதனால் உள்ளே இருக்கிற பையனுக்கு நன்மை வராது, வெளியே நிற்கிற பத்துப் பேர் மீது வழக்குதான் வரும். இரண்டு பேர் போங்கள். ஒருவர் வழக்கறிஞராக இருந்தால் நல்லது. வசதியில்லையா? சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். தொலைபேசி எண் 15100. மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் காகிதத்தைக் கேளுங்கள். "சார், எந்த வழக்கு? கைதா, விசாரணையா? நோட்டீஸ் கொடுங்கள்" என்று கேளுங்கள். போன நேரத்தையும் பேசிய அதிகாரியின் பெயரையும் குறித்து வையுங்கள். புகாரைப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நடுவர் மன்றத்தின் கதவு திறந்திருக்கிறது.

வியாபாரிகளே! உங்கள் ஊர் நிலையத்தில் நேர்மையான அதிகாரி இருந்தால் அவருக்குக் காசு கொடுத்து அசிங்கப்படுத்தாதீர்கள். அவர் நல்லது செய்தபோது மேலதிகாரிக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். அவருக்கு எதிராகப் பொய் மனு போனால் சங்கமாகச் சேர்ந்து நின்று உண்மையைச் சொல்லுங்கள். ரேவதியைப் போன்றவர்கள் தனியாக நிற்கக் கூடாது.

சாமல்பட்டிச் சகோதரரிடம் இவ்வளவையும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நான் குடுத்தது நன்றி இல்லை ஹஜ்ரத், பயம்" என்றார். ஆமாம் சகோதரரே! அந்தப் பயம் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. பதவி ஓர் அமானிதம். அதைச் சுமப்பவர் நாளை இறைவனிடம் பதில் சொல்வார். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் காசு கொடுத்துவிட்டு வந்த நமக்கும் அங்கே ஒரு கேள்வி காத்திருக்கிறது.

பயத்துக்குக் கட்டும் இந்த வரியை இன்றோடு நிறுத்துவோம். வல்ல இறைவன் நமக்குத் துணிவையும் நிதானத்தையும் தருவானாக!