கல்விக் கணக்கு

கொடைக்கானல் மலைக்கு வாயிலாக அமைந்த ஊர் வத்தலக்குண்டு. 1872-ல் ராஜமய்யரையும், 1884-ல் சுப்பிரமணிய சிவாவையும் தமிழ்நாட்டுக்கு அளித்த பெருமை அவ்வூருக்கு உண்டு. அவ்வூரிலும், அதன் மேலே தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய மலைக் கிராமங்களிலும் உள்ள குழந்தைகளில் எத்தனை பேர் ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசிப்பர்? இக்கேள்விக்கு உறுதியான விடை கூற வல்லார் எவருமிலர். ஆயினும் டில்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் நூற்றுக்கு இத்தனை என்று எண்கள் வந்த வண்ணம் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒருவர் மார்தட்டுகிறார், மற்றொருவர் மாரடிக்கிறார். எண்ணியவர் யார், யாரை எண்ணினார், யாரை விட்டார் என்று கேட்பாரைக் காணோம்.

இவ்வழக்கு நேற்று முளைத்ததன்று. சென்னை கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ, 1822-ம் வருஷம் ஜூன் 25-ம் தேதி, மாகாணத்திலுள்ள சுதேசிப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு கலெக்டர்களுக்கு உத்தரவிடச் செய்தார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில் முடிவு வெளியாயிற்று. 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர், ஜனத்தொகை 1,28,50,941. அதாவது 67 அல்லது 68 பேருக்கு ஒருவரே படித்து வந்தார். இவ்வளவோடு நின்றிருந்தால், நம் முன்னோர் இருளில் கிடந்தனர் என்று தீர்ப்பு எழுதிவிடலாம்.

ஆனால் மன்றோ நிற்கவில்லை. பள்ளிக்குச் செல்லும் பருவம் ஐந்து முதல் பத்து வயது வரை. அப்பருவத்துப் பையன்கள் சுமார் 7,13,000 பேர். அவர்களில் 1,84,110 பேர் பள்ளியில் இருந்தனர். ஆகவே நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்றாயிற்று. சென்னைப் பட்டணத்தில் வீட்டிலிருந்தே படித்தவர் தொகை, பள்ளியிற் படித்தவர் தொகையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் என்று காட்டப்பட்டிருந்தது. அவ்வெண்ணில் பிழை இருக்கலாம் என்று அவரே ஐயுற்றார். வெளி ஜில்லாக்களிலிருந்தோ இவ்விதக் கணக்கே வரவில்லை. இவற்றை உத்தேசித்து, உண்மை மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்று கருதினார். கானரா ஜில்லா கலெக்டர் எண்களையே அனுப்பவில்லை என்பதும் நினைவிலிருக்கத் தக்கது.

வாசகர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். பள்ளிகளும் பிள்ளைகளும் மாறவில்லை. வகுக்கும் தொகை மாறியது. 67-ல் ஒன்று நாலில் ஒன்றாயிற்று. வீட்டுக் கல்வியைச் சேர்த்தவுடன் மூன்றில் ஒன்றை எட்டிற்று. ஒரு தேசத்தின் மானமும் அவமானமும் வகுக்கும் எண்ணில் அடங்கிக் கிடந்தன!

1931 அக்டோபர் 20-ம் தேதி லண்டனில் மகாத்மா காந்தி, ஐம்பது அல்லது நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இந்தியா கல்வியிற் குன்றிவிட்டது என்று கூறியபோது, டாக்கா சர்வகலாசாலையின் உப அத்யக்ஷராயிருந்த ஸர் பிலிப் ஹார்டாக் ஆதாரம் கேட்டார். வாதம் கடிதங்களில் நீண்டது. 1983-ல் தரம்பால், அந்தப் பழைய கலெக்டர் அறிக்கைகளைத் திரட்டி ‘அழகிய மரம்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக வெளியிட்ட பின்னரே, சாமானியர்களும் மூல எண்களைப் பார்த்துத் தாமே முடிவு செய்யும் நிலை உண்டாயிற்று. வாதம் தீர்ந்ததோ இல்லையோ, மூலக் கணக்கு வெளியே வந்ததே பெரிய லாபம். அதே கணக்கில் மாகாணம் முழுவதிலும் 4,540 பெண்களே பள்ளியில் இருந்தனர் என்ற உண்மையையும் தேசபக்தர்கள் மறைக்கலாகாது. நமக்கு உகந்த எண்ணை எடுத்து உகவாததை விடுவது, அந்நியன் செய்தாலும் நாம் செய்தாலும் பொய்யேயாகும்.

இனி, நம் காலத்துக்கு வருவோம். இன்று இரு முறைகள் முக்கியமாய் வழங்குகின்றன. ஒன்று மத்திய சர்க்கார் நடத்திய தேசிய அடைவுத் தேர்வு. 2021 நவம்பர் 12-ம் தேதி 3, 5, 8, 10-ம் வகுப்புகளில் இது நடைபெற்றது. பள்ளிக்குச் சென்று, அன்று வந்திருக்கும் பிள்ளைகளைச் சோதிப்பது இதன் வழி. மற்றொன்று பிரதம் ஸ்தாபனத்தின் துணையோடு 2005-ல் தொடங்கிய ‘ஏசர்’ கணக்கு. இது வீடு வீடாகச் செல்வது. ஜில்லாவுக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு என்பது இதன் அளவு. பள்ளியை விட்ட பிள்ளையும் இதில் அகப்படுவான். ஆனால் வாசிப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்துக்கு மேல் இது சோதிப்பதில்லை. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். இவற்றின் விடைகளை அருகருகே வைத்து, ஒன்று மெய், மற்றது பொய் என்று சண்டையிடுவது, படியால் அளந்ததையும் முழத்தால் அளந்ததையும் ஒப்பிடுவது போலாகும்.

வத்தலக்குண்டு பேரூராட்சி, கிராமங்களை மட்டும் எண்ணும் கணக்கில் அதற்கு இடமில்லை. மேலே மலையிலுள்ள பளியர் குடியிருப்புகளோ மிகச் சிறியன. ஜனத்தொகைக்கு ஏற்பப் பொறுக்கியெடுக்கும் முப்பது கிராமங்களில் அவை விழுவது அரிது. தேன் எடுக்கவும் தோட்டக் கூலிக்கும் பெற்றோர் செல்லும்போது பிள்ளைகளும் உடன் செல்வது உண்டு. அன்று பள்ளியில் தேர்வு வைத்தால் அவர்கள் அதிலும் இரார். ஒரு குடியிருப்பில் படிக்கும் வயதுப் பிள்ளைகள் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் பெயர் உள்ளவர் 12. அன்று வந்தவர் 8. வாசிக்க வல்லவர் 6. வந்தவரில் நூற்றுக்கு 75 தேர்ச்சி. பெயர் உள்ளவரில் 50. எல்லாப் பிள்ளைகளிலும் 30. மூன்றும் மெய். எதைச் சர்க்கார் பிரசுரிக்கிறது என்பதைப் பொறுத்து, அங்கே விடுதி கட்டப்படும், அல்லது எல்லாம் சுகமே என்று கோப்பு மூடப்படும்.

2009-ம் ஆண்டுப் பீசா என்னும் சர்வதேசத் தேர்வுத் தொடரில் தமிழ்நாடும் ஹிமாசலப் பிரதேசமும் கலந்து, 2011-ல் முடிவு வந்தபோது, 74 நாடுகளும் பிரதேசங்களுமடங்கிய பட்டியலின் அடியில் நின்றன. கேள்விகள் நம் பிள்ளைகளின் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்று மத்திய சர்க்கார் ஆக்ஷேபித்து, அடுத்த தேர்விலிருந்து ஒதுங்கிற்று. ஆக்ஷேபத்தில் நியாயம் இருக்கலாம். மலைப் பிள்ளையிடம் மின்ரயிலைப் பற்றிய பாடத்தைக் கொடுத்து வாசிப்பைச் சோதித்தால், வாசிப்பு சோதிக்கப்படுகிறதா, பழக்கம் சோதிக்கப்படுகிறதா? ஆனால் தராசு கோணல் என்றால் நேரான தராசைச் செய்து காட்ட வேண்டும். நிறுப்பதையே நிறுத்துவது பரிகாரமாகாது.

காரணம் கூறும் விஷயத்தில் தவறு இன்னும் எளிது. கொரோனா காலத்துக்குப் பின், 2021 இறுதியில் நம் மாநிலத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கிற்று. பிள்ளைகள் பின்னர் முன்னேறினர். முழுப் புகழும் திட்டத்துக்கே என்று கூறிவிடலாமா? பள்ளிகளும் அப்போதுதானே திறந்தன? மூடுவதற்கு முன்னிருந்த நிலையை 2019-லேயே அளந்திருந்த ஆராய்ச்சியாளர் சிலர், கிராமப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரைத் தொடர்ந்து சோதித்தனர். இழந்ததில் மூன்றில் இரு பங்கு ஆறு மாதத்தில் மீண்டது. அம்மீட்சியில் சுமார் நாலில் ஒரு பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்று கண்டனர். திட்டம் பயனுள்ளதே, ஆனால் எவ்வளவு பயன் என்பது முன்னும் பின்னும் அளந்ததால் அன்றோ தெரிந்தது? இத்தகைய அடக்கமான விடையே நம்பத் தக்கது.

ஆதலின் நாம் வேண்டுவன இவை. எந்தக் கல்விக் கணக்கை வெளியிட்டாலும், வகுத்த தொகை எது, விடுபட்டவர் யார், பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதைத் தமிழில் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும். பிள்ளைகளின் பெயரை நீக்கி, மூல அட்டவணைகளை எவரும் காணும்படி வைக்க வேண்டும். மலைக் குடியிருப்புகளுக்கும் சிற்றூர்ப் பட்டணங்களுக்கும் தனிக் கணக்கு எடுக்க வேண்டும்; ஜில்லாச் சராசரிக்குள் அவற்றைப் புதைக்கலாகாது. சோதனையின் முடிவைக் கொண்டு உபாத்தியாயரைத் தண்டிக்கலாகாது. தண்டனை வரும் என்றால் எண் உயரும், கல்வி உயராது. முடிவை அந்தந்தக் கிராம சபையில் வாசித்துக் காட்ட வேண்டும். தம் ஊர்க் கணக்கிலுள்ள பொய்யை ஊரார் ஒரு நிமிஷத்தில் கண்டுகொள்வர்.

ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் எண்ணை எடுத்து வீசுமுன், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நம் கட்சிக்கு அனுகூலமான எண்ணானால் இரு முறை கேளுங்கள். வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பாதையில், எந்த அட்டவணையிலும் இடம் பெறாத குழந்தை ஒன்று விறகு சுமந்து இறங்கி வருமாயின், அதன் பெயரும் எழுதப்பட்ட பிறகே நம் கல்விக் கணக்கு முடிந்ததாகும்.