தேர்வுக் கோப்பில் யாருடைய ரகசியம்?



நம் ரங்கத்தில் பிள்ளை படித்து முடித்தால், பெற்றோர் எதிர்பார்ப்பது அரசு வேலையைத்தான். பத்து இடங்களுக்கு விளம்பரம் வந்தால் ஊரெல்லாம் அதே பேச்சு. தேர்வுப் பட்டியல் வெளியான பிறகு பல வீடுகளில் எழும் கேள்வி ஒன்றே: "ஏன் நம் பிள்ளையைக் கழித்தார்கள்?"

ஒரு தகப்பனார் தம் மகளுடன் என்னைப் பார்க்க வந்தார். அந்தப் பெண் மாற்றுத்திறனாளி. எழுத்துத் தேர்வில் தேறி, தட்டச்சுத் தேர்வும் முடித்தவர். பட்டியலில் பெயர் இல்லை. தேர்வானவர்களின் மதிப்பெண்ணைக் கேட்டு மனு எழுதினார். "அது பிறருடைய சொந்த விவரம், தர இயலாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தப் பெண்ணுக்கு அநீதி நடந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. வேதனையே அதுதான்.

பாகுபாடு காட்டினார்கள் என்று புகார் செய்பவரிடம் முதலில் ஆதாரம் கேட்கிறார்கள். ஆதாரமோ எதிர்த் தரப்பின் அலமாரியில் இருக்கிறது. பூட்டிய பெட்டியின் சாவியைத் தம் கையில் வைத்துக்கொண்டு, "உள்ளே இருப்பதை நிரூபி" என்றால் என்ன நியாயம்?

ரகசியம் அறவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பிறருடைய முகவரி, மருத்துவச் சான்று, குடும்ப விவரம் ஆகியவற்றை ஊரார் பார்க்க வேண்டியதில்லை. விடைத்தாள் திருத்தியவரின் பெயர் வெளியானால் அவருக்கு மிரட்டல் வரலாம். உச்ச நீதிமன்றமும் இந்தக் கோட்டைத் தெளிவாகவே போட்டிருக்கிறது. தேர்வு எழுதியவர் தம் திருத்திய விடைத்தாளைப் பார்க்கலாம் என்று 2011-இல் தீர்ப்பளித்தது. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணைய வழக்கில் 2016-இல், விடைத்தாளையும் நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணையும் தரலாம், திருத்தியவர் பெயரைத் தர வேண்டியதில்லை என்றது. புணே மாவட்ட நீதிமன்றத்தின் இளநிலை எழுத்தர் தேர்வில், மற்றவர்கள் பெற்ற மதிப்பெண்ணையும் தரச் சொல்லி 2024-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மறுபுறம், குடிமைப் பணித் தேர்வு வழக்கில் 2018-இல், கேட்டதையெல்லாம் இயந்திரம் போல வெளியிட முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியதை மறைக்கக் கூடாது.

இப்போது கவலை தருவது வேறொன்று. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றியது. 2025 நவம்பரில் அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது. முன்பு, பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத விவரம், தேவையின்றி அந்தரங்கத்தில் தலையிடும் விவரம் என்றெல்லாம் காரணம் காட்டியே மறுக்க வேண்டும். இப்போது "தனிநபர் தகவல்" என்றாலே போதும். மறுப்பது எளிதாகிவிட்டது. ஆனாலும் வாசல் முழுவதும் அடைபடவில்லை. பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. மறைக்க வேண்டியதை மட்டும் மறைத்து மற்றதைக் கொடு என்னும் 10-ஆம் பிரிவும் இருக்கிறது. பெயரை மறைத்து மதிப்பெண்ணைக் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆகவே, மறுப்புக் கடிதம் வந்ததும் நம்மவர்கள் சோர்ந்துவிடக் கூடாது. மனுவுக்கு 30 நாளில் பதில் வர வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் டில்லியிலுள்ள மத்திய தகவல் ஆணையத்திடம் போகலாம். எந்த ஆவணத்தையும் வரவழைத்துப் பார்க்க அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையருக்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கோப்பைக் கேட்டு வாங்க உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் இருக்கிறது. தாழ்த்தப்பட்டோருக்கான தேசிய ஆணையத்துக்கு அரசியல் சட்டமே இதைக் கொடுத்திருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் உண்டு. அங்கே தமிழிலேயே எழுதலாம், கட்டணமில்லை. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். வெறும் பணி விவகாரம் என்றால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். எனவே பாகுபாடு எது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த ஆணையங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. கோப்பை நீங்கள் மட்டும் பார்த்துவிட்டு "தவறு இல்லை" என்று எழுதி முடிக்காதீர்கள். பிறருடைய அந்தரங்கத்தை மறைத்துவிட்டு, புகார் செய்தவர் கண்ணிலும் அதைக் காட்டுங்கள். பார்த்தபின் அவர் தோற்றாலும், மனம் ஆறித் திரும்புவார்.

ரகசியம் என்பது மனிதரைக் காக்க ஏற்பட்டது. அலுவலகத்தைக் காக்க அல்ல.

அந்தப் பெண்ணின் மேல்முறையீட்டை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதி அனுப்பியிருக்கிறோம். நம் சங்கத்தில் மனு எழுதத் தெரிந்தவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால், இன்னும் பல பிள்ளைகளுக்கு உதவலாம். அன்பர்கள் யோசிக்க வேண்டுகிறேன்.