பெயர் மாற்றி விற்ற துயரம்

மேனாட்டு றொக் இசைக்குழுவொன்றின் நத்தார் இசைத்தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் 30 இலட்சம் பிரதிகள் கடந்து விற்பனையான செய்தியை, மலையகக் கூத்தை 'உலகத் தரத்துக்கு' உயர்த்த விழையும் நண்பர் சிலர் அடிக்கடி எடுத்துக்காட்டுகின்றனர். காமன் கூத்தையும் அவ்வாறே சுருக்கி, மின்கிற்றார் சேர்த்து, கதை தழுவிய இசைத்தொகுப்பாக்கி விற்கலாம் என்பது அவர்தம் வாதம். தாம் காட்டும் எடுத்துக்காட்டை அவர்கள் ஆராய்ந்தனரா என்பதே என் வினா.

1995ஆம் ஆண்டில் சவட்டாஜ் என்னும் அமெரிக்கக் குழு, பொஸ்னியப் போரைப் பொருளாகக் கொண்டு 'டெட் வின்ரர் டெட்' என்ற தொகுப்பை வெளியிட்டது. சேர்பிய இளைஞன், முஸ்லிம் பெண், இடிபாடுகளிடையே செலோ வாசிக்கும் முதியவர் ஆகியோர் அதன் கதைமாந்தர். நத்தார் கீதங்கள் இரண்டைப் பிணைத்து, சரயேவோ நகரின் பெயர் தாங்கிய வாத்திய இசையொன்றும் அதில் உண்டு. மறு ஆண்டே அதே ஒலிப்பதிவு, ட்ரான்ஸ் சைபீரியன் ஓர்க்கெஸ்ட்ரா என்ற புதுப்பெயரில் வந்த 'கிறிஸ்மஸ் ஈவ் அன்ட் அதர் ஸ்ரோறீஸ்' தொகுப்பில் இடம்பெற்றது. போர்க்கதை, மண்ணுலகுக்கு அனுப்பப்பட்ட வானதூதன் ஒருவனின் கதைக்குள் ஒரு துணுக்காகச் சுருங்கிற்று. பழைய பெயரில் வானொலி நிலையங்கள் ஏற்கத் தயங்கிய இசையைப் புதுப்பெயரில் விரும்பி ஒலிபரப்பின என்பதைத் தயாரிப்பாளர் போல் ஓநீல் தாமே கூறியுள்ளார். இசையின் உயர்வே வெற்றிக்குக் காரணம் என்போர் இதற்கு யாது விடை பகர்வர்? சுரம் ஒன்றேனும் மாறவில்லை, மாறியது உறை.

அந்தச் செலோ முதியவரையும் நோக்குவோம். 1992 மே 27இல் சரயேவோவில் பாண் வாங்க வரிசையில் நின்ற மக்கள்மீது குண்டு விழுந்து பலர் மாண்டனர். அவர்களுக்காக அவ்விடத்திலே வாசித்தவர் வெட்றான் ஸ்மைலோவிச். அப்போது அவர் நாற்பது வயதையும் எட்டாதவர். அந்நகரிலேயே வாழ்ந்த கலைஞர். தொடங்கியதோ மே மாதம். ஓநீலின் கதையில் அவரே, நெடுங்காலம் வெளிநாட்டில் வாழ்ந்து தாயகம் திரும்பி, நத்தார் இரவில் வாசிக்கும் முதியவராகிவிட்டார். இரங்கத்தக்க முதியவர் பண்டிகைக்குப் பொருந்துவார். உயிரோடிருக்கும் நடுவயது மனிதர், அதுவும் தம் பெயரைக் கேட்கக்கூடியவர், பொருந்தமாட்டார் போலும்!

பிணைக்கப்பட்ட கீதங்களுள் ஒன்றின் வரலாறு இன்னும் துயரமானது. சிட்டுக்குருவியன்று, தூக்கணங்குருவியன்று, தகைவிலான் குருவியொன்று வீட்டுக்காரனிடம் பறந்து வந்து புத்தாண்டு வளம் கூறும் உக்ரேனிய நாட்டார் பாடல் அது. மிக்கோலா லெயொந்தோவிச் அதனைச் சேர்ந்திசையாக அமைத்தார். 1916இல் அது கீவ் நகரில் அரங்கேறிற்று. 1921இல் சோவியத் இரகசியப் பொலிசின் முகவரொருவன் அவரைச் சுட்டுக்கொன்றான். 1936இல் பீற்றர் வில்ஹௌஸ்கி மணியோசை பற்றிய ஆங்கிலச் சொற்களைப் பொருத்தவே, குருவி பறந்துபோய் நத்தார் மணி வந்தமர்ந்தது. இன்று அங்காடிகளில் அதனைக் கேட்போருள் எத்தனை பேர் லெயொந்தோவிச்சை அறிவர்?

கடன் வாங்காத கலை எங்குண்டு என்பார் உளர். உண்மையே. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை அரங்குக்குக் கொணர்ந்து, விடிய விடிய ஆடியதைச் சுருக்கி, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எனத் தந்தார். அதனை எவரும் களவென்று கூறார். மரபறிந்த அண்ணாவியாரை ஆசானாக அமர்த்தியே மாணவர் ஆடக் கற்றனர். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரின் பெயர் அம்முயற்சியோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. கடன் வாங்கியோர் கடன் கொடுத்தவரை மறைக்கவில்லை.

நான் பிறந்த எஹலியகொடைப் பகுதியின் தேயிலை, இறப்பர்த் தோட்டத்து மக்களுக்குப் பெயரிழப்பது புதிதன்று. துரைமார் பதிவேட்டில் எண்ணாக வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாங்கள். மாசியில் கம்பம் நட்டுப் பல இரவுகள் நிகழும் காமன் கூத்தில், எரிந்த கணவனுக்காக ரதி புலம்புகையில் லயத்துப் பெண்கள் தம் இழப்புக்கும் சேர்த்தே அழுவர். அப்புலம்பலை நான்கு நிமிடமாக்க விரும்பும் நண்பர்கள், தப்படிப்போரின் பெயர்கள் உறையின் எப்பக்கத்தில் அச்சாகும், விற்ற பணத்தில் ஒவ்வொருவருக்கும் எத்தனை ரூபா சேரும் என்பதை முதலில் எழுதிக் காட்டட்டும்.