ஆக்டின் பட்டையை யார் சோதிப்பது?

உயிரியல் ஆய்வேடுகளில் எவரும் கேள்வி கேட்காத படம் ஒன்று உண்டு. வெஸ்டர்ன் பிளாட்டின் அடிவரிசையில், எல்லாத் தடங்களிலும் ஒரே அளவில் கறுத்து நிற்கும் ஆக்டின் பட்டை அது. மேல்வரிசையில் உள்ள புரதம் கூடியதா குறைந்ததா என்ற முடிவு, அந்தப் பட்டை சரியானது என்ற நம்பிக்கையையே சார்ந்திருக்கிறது. ஆக்டின், டியூபுலின், விமென்டின் போன்ற கட்டமைப்புப் புரதங்களுக்கான எதிர்ப்பொருள்களை அன்றாடம் பயன்படுத்தும் நாம், அவற்றைச் சோதித்துப் பார்ப்பதை ஆய்வின் பகுதியாகக் கருதுவதில்லை. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே என் வாதம்.

பாலூட்டிகளில் ஆக்டின் ஆறு வடிவங்களில் உள்ளது. பீட்டா, காமா வடிவங்கள் சுமார் 375 அமினோ அமிலங்களில் நான்கில் மட்டுமே வேறுபடுகின்றன. ‘பீட்டா ஆக்டின்’ என்று குப்பியில் எழுதியிருப்பது அந்த நான்கையும் பிரித்தறிந்ததற்குச் சான்றாகாது. மேலும், ஆக்டின் செல்லில் மிகுதியாக இருப்பதால் பட்டை எளிதில் செறிவு எல்லையைத் தொட்டுவிடும். அதன்பின் ஒரு தடத்தில் இருமடங்கு புரதம் ஏற்றியிருந்தாலும் பட்டை அதைக் காட்டாது. பிளாட்டில் இயங்கும் எதிர்ப்பொருள் திசுவிலும் இயங்கும் என்பதற்கும் உறுதியில்லை. முன்னதில் புரதம் விரிந்து கிடக்கிறது. பின்னதில் ஃபார்மலினால் பிணைக்கப்பட்டிருக்கிறது.

மருத்துவமனை நோயியல் துறைகள் இதை நன்கு அறியும். கட்டி எபிதீலியத்திலிருந்து தோன்றியதா, இணைப்புத் திசுவிலிருந்தா என்று அறிய கெரட்டின், விமென்டின் எதிர்ப்பொருள்கள் உதவுகின்றன. அங்கே விடை தெரிந்த திசுவையும் உடன்வைத்துச் சாயமேற்றுவது நெறி. பிழை நோயாளியைச் சென்றடையும் என்ற அச்சம் அந்த நெறியைக் காக்கிறது. நம் ஆய்வகங்களின் பிழையோ அடுத்த மாணவரின் மூன்றாண்டுகளை விழுங்குகிறது.

இது வெற்று அச்சம் அன்று. 2023-இல் ஈலைஃப் இதழில் வெளியான ஆய்வு, 65 மனிதப் புரதங்களுக்கென விற்கப்படும் 614 எதிர்ப்பொருள்களை, உரிய மரபணு நீக்கப்பட்ட செல்களோடு ஒப்பிட்டுச் சோதித்தது. இலக்குப் புரதத்தை அடையாளம் காணத் தவறிய எதிர்ப்பொருளைப் பயன்படுத்திய வெளியீடுகள், ஒரு புரதத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு இருந்தன.

‘நிதி எங்கே, நேரம் எங்கே?’ என்ற கேள்வி நியாயமானது. இறக்குமதியாகும் ஒரு குப்பிக்கு வாரக்கணக்கில் காத்திருப்பவர்களிடம், அதைச் சோதிக்க இன்னொரு சோதனையும் செய்யுங்கள் என்பது கடினமே. ஆகவேதான் இதைத் தனி மாணவரின் சுமையாக விடாமல் பொதுப்பணியாக்க வேண்டும் என்கிறேன். அதற்குக் கொல்கத்தா பொருத்தமான இடம். இங்குள்ள போஸ் நிறுவனத்தில் பபதாரக் பட்டாச்சாரியாவும் அவர் மாணவர்களும் ஆட்டு மூளையிலிருந்து டியூபுலினைப் பிரித்தெடுத்து, அது கோல்ச்சிசினுடன் பிணைவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். இறைச்சிக் கடையில் கிடைக்கும் பொருளிலிருந்து தூய புரதம் பெறும் கைப்பழக்கம் இந்நகருக்குப் புதிதன்று. தூய டியூபுலின், எதிர்ப்பொருள் அதைப் பிடிக்கிறதா என்று காட்டும். வேறெதையும் பிடிக்கவில்லை என்று காட்ட, அந்த மரபணு நீக்கப்பட்ட அல்லது ஒடுக்கப்பட்ட செல்கள் வேண்டும். அவற்றை ஓர் ஆய்வகம் உருவாக்கினால் பத்து ஆய்வகங்கள் பகிரலாம்.

முன்மாதிரிகளும் உள்ளன. கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் வெளியிட்ட ஹைபிரிடோமா முறை காப்புரிமையின்றி உலகுக்குக் கிடைத்தது. 1986-இல் நிறுவப்பட்டு, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஹைபிரிடோமா வங்கி குறைந்த விலையில் எதிர்ப்பொருள்களை வழங்குகிறது. புனேயின் தேசிய செல் அறிவியல் மையம் நாடெங்கும் செல் வரிசைகளை அளிக்கிறது. செல்களுக்குச் செய்ததை, அடிக்கடி வேண்டப்படும் நான்கைந்து எதிர்ப்பொருள்களுக்கேனும் நாம் செய்யலாகாதா?

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. ஒவ்வோர் ஆய்வேட்டிலும் எதிர்ப்பொருளின் பட்டியல் எண், தொகுதி எண், சோதித்த படம் ஆகியவை ஒரு பக்கமாக இணைக்கப்படட்டும். வாய்மொழித் தேர்வில் நெறியாளர்களும் தேர்வாளர்களும் அந்தப் பக்கத்தைத் திறந்து கேட்கட்டும். கேட்கப்படும் என்று தெரிந்தால் மாணவர்கள் சோதிப்பார்கள். அதற்கான தொகையை நிதிக் கோரிக்கையில் எழுத நெறியாளர்களுக்கும் காரணம் கிடைக்கும்.