உணவு நஞ்சாதல் பற்றிய தமிழ்க் காணொளிகளின் தரம்: அமைப்பின் நிலைப்பாடு

உணவு நஞ்சாதல் என்பது நுண்ணுயிரிகளாலோ அவை சுரக்கும் நச்சுப்பொருள்களாலோ மாசடைந்த உணவை உண்டபின் ஏற்படும் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் முதலியவற்றைக் குறிக்கும். இதைப் பற்றி இணையத்தில் பரவும் தமிழ்க் காணொளிகளைப் பேசுபவரின் பட்டத்தைக் கொண்டோ பார்வையாளர் எண்ணிக்கையைக் கொண்டோ மதிப்பிடலாகாது என்பதும், அடுத்த சில மணி நேரத்தில் நோயாளியின் வீட்டார் சரியாக நடந்துகொள்ள அவை உதவுகின்றனவா என்பதே அளவுகோல் என்பதும் இவ்வமைப்பின் நிலைப்பாடு.

இந்நோய் பெரும்பாலோருக்குச் சில நாட்களில் தானாகவே தணிந்துவிடுவதால், காணொளியில் கண்ட எந்தக் கஷாயத்தைக் குடித்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றுகிறது. பார்வையாளர்கள் எழுதும் நன்றிச் சொற்கள் மருந்தின் பயனுக்குச் சான்றாகிவிடா. தானாகத் தணிவதால் இந்நோயை எளிதாகக் கருதவும் கூடாது: உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மாசடைந்த உணவால் ஆண்டுதோறும் சுமார் 60 கோடிப் பேர் நோயுறுகின்றனர், 4,20,000 பேர் இறக்கின்றனர். இறப்போரில் 1,25,000 பேர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பு, அதாவது உடலின் நீரும் உப்புகளும் வெளியேறிவிடுவது. அதை ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். எனப்படும் வாய்வழி நீரேற்றக் கரைசலில் ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு என்று அளவு வரையறுக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு: குடற்சுவர் குளுக்கோஸை உறிஞ்சும்போது சோடியமும் அதைத் தொடர்ந்து நீரும் உடலுக்குள் செல்கின்றன, சர்க்கரை மிகுந்தாலோ நீர் குடலுக்குள் இழுக்கப்பட்டுப் போக்கு கூடுகிறது. எனவே இனிப்புப் பானம் போதும் என்று சொல்லும் காணொளி தீங்கானது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காதபோது ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம்; 'கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை' என்று சொல்லிக் கடந்துபோவது அறிவுரையாகாது. காணொளி பெருநன்மை செய்யவும் வல்லது. ஐதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் சமூக ஊடகம் வழியாகவும் பல ஆண்டுகள் போராடியதன் பின்னர், அந்த வரையறைக்கு உட்படாத பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரைத் தாங்குவதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் தடைசெய்தது.

மீந்த உணவைக் கொதிக்கச் சூடாக்கினால் போதும் என்ற கருத்தும் ஆபத்தானது. சோற்றை வெளியே நெடுநேரம் வைத்தால் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வாந்தி நச்சும், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் சுரக்கும் நச்சும் வீட்டு அடுப்பின் கொதிநிலையில் அழிவதில்லை. கடைசியாக உண்ட கடையைப் படம்பிடித்துக் குற்றம் சாட்டும் காணொளிகளை இவ்வமைப்பு வன்மையாக எதிர்க்கிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சு சில மணி நேரத்திலேயே வாந்தியை உண்டாக்கும் என்றாலும், சால்மோனெல்லா பாக்டீரியாவின் அறிகுறிகள் தோன்ற 6 முதல் 72 மணி நேரம் ஆகலாம் என்பதால், காரணம் முந்தாநாள் வீட்டில் உண்ட உணவாகவும் இருக்கக்கூடும். பச்சை முட்டை மயோனைசைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடைசெய்தது போன்ற நடவடிக்கைகள் தேவையே. ஆயினும் வீட்டுச் சமையலறையின் பொறுப்பை அவை நீக்கிவிடுவதில்லை.

காணொளி தயாரிப்போர் தம் தகுதி, தகவலின் மூலம், பதிவிட்ட நாள், விளம்பரத் தொடர்பு ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். அபாய அறிகுறிகளை முதல் நிமிடத்திலேயே சொல்ல வேண்டும். மலத்தில் இரத்தமும் கடுங்காய்ச்சலும் இருக்கும்போது பேதியை நிறுத்தும் மாத்திரையைப் பரிந்துரைக்கும் காணொளிகளைத் தளங்கள் தாமதமின்றி நீக்க வேண்டும். மலத்தில் இரத்தம், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல், குழிவிழுந்த கண்கள், அரைமயக்கம், பார்வை மங்கல், நாக்குழறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், நோயாளி கைக்குழந்தையாகவோ கர்ப்பிணியாகவோ முதியவராகவோ இருந்தாலும், வீட்டார் காணொளி தேடுவதை விடுத்து உடனே மருத்துவமனையை நாட வேண்டும் என்றும், தமிழ்நாட்டில் இருப்போர் 108 எண்ணை அழைக்க வேண்டும் என்றும் இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது.